பூக்காத எட்டாம் ஆண்டு



காட்டுப் பூக்களைக் கவனிக்கச் சொல்கிறார் ஆண்டவர். இந்த நற்செய்திப் பகுதியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். சாலமோன் அரசரின் ஆடையும் உடனே நினைவுக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் இருக்கிற ஒரு சொல்லை நான் வெகுகாலம் தாண்டிப் போயிருக்கிறேன். பூ எவ்வளவு அழகு பாருங்கள் என்று இயேசு தொடங்கவில்லை. அது வளருகிற விதத்தைத்தான் முதலில் கவனிக்கச் சொல்கிறார். இது எனக்கு உறைத்தது ஒரு மலையில், ஒரு பூகூட இல்லாத இடத்தில்.

2014-இல் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தமிழ்நாடு போனவன், அப்படியே கொடைக்கானல் ஏறினேன். குறிஞ்சிப் பூவைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. தமிழ்ப் பள்ளியில் குறிஞ்சி, முல்லை, மருதம் என்று ஐந்து நிலத்தையும் ஒப்பித்தவர்கள்தானே நாம். பால்மரக் காடு எந்தத் திணையில் சேரும் என்று கேட்டு வாத்தியாரிடம் அடி வாங்கியவனும் நான்தான். வண்டியோட்டி சாலையோரம் நிறுத்தி, இடுப்பளவுகூட இல்லாத ஒரு புதரைக் காட்டினார். "இதுதான் ஃபாதர் குறிஞ்சி." நான் பூவைத் தேடினேன். "பூவா? அது 2006-ல பூத்துச்சு. இனி 2018-லதான்." நம் தோட்டத்தில் முளைத்திருந்தால் களை என்று மருந்தடித்திருப்போம். படம்கூட எடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

அந்தப் புதர்தான் நீலக்குறிஞ்சி. மேற்குத் தொடர்ச்சி மலையில் 1,300 மீட்டருக்கு மேலே, பழனி மலையிலும் ஆனைமலையிலும் நீலகிரியிலும், சோலைக் காட்டை ஒட்டிய புல்வெளிகளில் வளர்வது. முளைத்த நாளிலிருந்து இலையும் தண்டுமாகவே நிற்கும். பன்னிரண்டாம் ஆண்டில் மலைச்சரிவு முழுவதும் ஒரே பருவத்தில் நீலமாகிவிடும். விதை விட்டதும் செடி காய்ந்து செத்துப்போகும். முதுவர், பளியர் போன்ற மலைமக்கள் தங்கள் வயதையே இந்தப் பூப்பை வைத்துக் கணக்கிட்டார்கள். ஒருவர் ஐந்து குறிஞ்சி பார்த்தவர் என்றால் வயதை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

எல்லாச் செடியும் ஏன் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும்? தாவரவியலாளர் சொல்லும் காரணம் நம் வீட்டுப் பாட்டிக்கும் புரியும். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்தால் பூச்சியும் எலியும் பறவையும் விதையைத் தின்றே தீர்த்துவிடும். மொத்தமாகக் காய்த்தால் தின்பவற்றின் வயிறு நிறைந்துபோகும்; மிச்சம் மண்ணில் விழுந்து மழைக்கு முளைக்கும். பருவம் தப்பித் தனியாகப் பூக்கிற குறிஞ்சியும் உண்டு. அதைக் காக்கக் கூட்டம் இல்லை.

இதைப் பார்க்க இந்தியாவுக்குப் போக வேண்டியதும் இல்லை. நம் ஜெலுபுவில், சிம்பாங் பெர்த்தாங் பக்கத்துப் பாசோ காட்டில் மெராந்தி மரங்களும் இப்படித்தான். பல ஆண்டு பூவே இருக்காது. பிறகு ஒரு பருவத்தில் காடே சேர்ந்து பூக்கும். 1980-களில் அங்கே 50 ஹெக்டர் ஒதுக்கி, மரத்துக்கு மரம் எண் போட்டு ஆராய்ச்சி செய்து வருகிறார்கள். காட்டோரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும், இறக்கை வைத்த அந்த விதைகள் சுழன்று சுழன்று விழுகிற காட்சி.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி வந்த நம் தாத்தா பாட்டிமார் லின்சத்திலும் சுவா பெத்தோங்கிலும் பஹாவ் பக்கத்துக் கெடிஸிலும் பால்மரத் தோட்ட லயங்களில் குடியேறினார்கள். விடியுமுன் பெரட்டு. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, உளியும் வாளியுமாக நிரைக்குப் போன தாய்க்கு, மங்கில் பால் சொட்டும்போதெல்லாம் எந்தப் பிள்ளை நினைவு வந்திருக்கும்? முதல் வாசகத்தில் எசாயா பேசுவது அவளைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றும். அவளே மறந்தாலும் நான் மறக்கமாட்டேன் என்கிறார் கடவுள். மாதம் ஒரு பூசை கிடைத்தால் அதிகம். மற்ற நாள்களில் உபதேசியார் மண்ணெண்ணெய் விளக்கில் செபமாலை சொன்னார். வெளியிலிருந்து பார்த்தவனுக்கு அது வெறும் புதர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே குறிஞ்சி மலைகளைத் திருத்தித் தேயிலை நட்டதும் பெரும்பாலும் நம் மக்களின் கைகள்தாம். இங்கே காட்டை அழித்துப் பால்மரம் நட்டதும் அதே கைகள்தாம். நடச் சொன்னவர்கள் வேறு. பிறகு அங்கே தைல மரமும் சீகையும் வந்தன. 2006-இல் கேரள அரசு 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிக்கென்றே சரணாலயம் ஆக்கியது. அப்படியிருந்தும் 2024-இல் அழியும் ஆபத்துள்ளவற்றின் உலகப் பட்டியலில் குறிஞ்சி சேர்ந்துவிட்டது.

பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியேதான், ஒரு தாய் என்னிடம் முறையிட்டார்: "எட்டு வருசமா மகனுக்காகச் செபிக்கிறேன் ஃபாதர், ஒண்ணும் நடக்கல." அவருக்கு நான் அந்தக் கொடைக்கானல் புதரைப் பற்றிச் சொன்னேன். 2014-இல் அதற்கும் எட்டாம் ஆண்டுதான். பால்மரம் நட்டு ஆறேழு ஆண்டு ஒரு சொட்டுப் பால் கிடைக்காது. அதற்காக நான்காம் ஆண்டில் எந்தக் கங்காணியும் மரத்தைச் சாய்க்கச் சொன்னதில்லை. மரத்துக்குக் காட்டிய பொறுமையை நாம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமா? ஆண்டவர் கவனிக்கச் சொன்ன வளர்ச்சி இந்த எட்டாம் ஆண்டிலும் நடந்துகொண்டிருப்பது.

2018-இல் பூப்பைப் பார்க்க நான் விடுப்புக்கூடக் கேட்டு வைத்திருந்தேன். அந்த ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். மூணாறுப் பாதைகள் அறுந்துபோயின. பயணத்தை நிறுத்திவிட்டேன். பார்க்க ஆள் வரவில்லையே என்று குறிஞ்சி பூக்காமல் இருக்கவில்லை. அடுத்தது 2030. வர விரும்புகிறவர்கள் இப்போதே காசு சேர்க்கத் தொடங்கலாம்.

என் கவலை பூக்காத செடியைப் பற்றி அல்ல, தனியாகிப்போன செடியைப் பற்றி. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த குடும்பங்கள் இன்று செனவாங்கில் ஒன்று, நீலாயில் ஒன்று, அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் ஒன்று. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் செபிக்காமல் இல்லை. ஆனால் வேலை போனாலோ, பிள்ளை வழிதவறினாலோ, வீட்டில் சாவு விழுந்தாலோ, அந்த ஒரு குடும்பத்தையே துன்பம் முழுதாகத் தின்றுவிடுகிறது. லயத்தில் அப்படி நடந்ததில்லை. துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது, சோறு மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

வரும் புதன்கிழமை மாலை ஏழரை மணிக்குப் பழைய லயத்துக் கோயிலில் அன்பியக் கூட்டம். ஊரைவிட்டுப் போனவர்களின் கைப்பேசி எண்கள் உங்களிடம்தான் இருக்கின்றன, என்னிடம் இல்லை. இன்று வீட்டுக்குப் போனதும் ஆளுக்கு ஒரு குடும்பத்தைக் கூப்பிடுங்கள். வண்டி இல்லாதவர்களுக்காகக் கோயில் வேன் ஆறரை மணிக்குச் செனவாங்கிலிருந்து புறப்படும்.