கப்ர் இல்லாத துக்கம்

மௌத்து வீட்டில் ஆறுதல் சொல்பவருக்கு அதிகம் சொற்கள் தேவையில்லை. ஜனாஸா குளிப்பாட்டப்படுகிறது, தொழுவிக்கப்படுகிறது, கப்ரில் மண் விழுகிறது. துக்கத்துக்கு ஒரு தொடக்கம் கிடைத்துவிடுகிறது. ஜனாஸாவே இல்லாத வீட்டுக்குத் தொலைபேசி வழியே ஆறுதல் சொல்ல நேர்பவர் என்ன சொல்வார்?

செட்டிகுளத்தில் இக்கேள்வி கற்பனையன்று. 2009இல் அங்குள்ள மெனிக்பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. வெளியேறியவர்களில் பலர் பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று அறியாமலே வெளியேறினர். 1926ஐ அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் ஒருவர் செவிமடுப்பார். அப்படிச் செவிமடுப்பவர் அந்தத் தாயிடம், "இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாமா?

கூடாது என்பதே என் எண்ணம். யஃகூப் நபியின் முன் இரத்தம் தோய்ந்த சட்டையைச் சாட்சியாக வைத்தனர். அவர் அழகிய பொறுமையைப் பற்றிப் பேசினார். ஆனால் அந்தச் சாட்சியை ஏற்கவில்லை. அழுதழுது கண்கள் வெளுத்த பின்னும், யூஸுபைத் தேடும்படியே மக்களை அனுப்பினார். ஸப்ர் என்பது தேடலைக் கைவிடுவதன்று.

கப்ரருகே அழுத பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள் பொறுமையை உபதேசித்தபோது, ஆளை அறியாத அவள், தன் துன்பம் அவருக்கு நேரவில்லை என்று கூறி விலகிப்போகச் சொன்னாள். நபியவர்கள் வாதிடாமல் விலகினார்கள். பின்னர் அவளே தேடி வந்தாள். தொலைபேசியின் நன்மையும் இதுதான். வீட்டில் வந்து அமர்ந்தவரை எழுப்பி அனுப்ப முடியாது, அழைப்பைத் துண்டித்துவிடலாம்.

ஆபத்தும் உண்டு. பதில் சொல்ல வேண்டியவர்கள் பதிலுக்கு ஈடாக ஆறுதலைத் தந்துவிட்டு ஒதுங்கலாம். 2017இல் வவுனியாத் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது ஆறுதலையல்ல, பிள்ளைகளைப் பற்றிய உண்மையை. காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியதும் அந்தக் கேள்விக்காகவே.

இது நமக்கும் புதிதன்று. 2020இல் கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, அக்குடும்பங்களுக்குத் தொலைபேசியில் "ஸப்ர் செய்யுங்கள்" என்றோம். அதை வாய்மூடச் சொன்னதாகவே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

செவிமடுப்பவரால் செய்யக்கூடியது சிறிதே. இறந்துவிட்டான் என்றும் சொல்லாமல், வருவான் என்றும் சொல்லாமல், பிள்ளையின் பெயரைக் கேட்கலாம். மறுமுனையின் மௌனத்தைத் தாங்கலாம். அடுத்த கிழமையும் அழைக்கலாம் என்று சொல்லி வைக்கலாம். பொறுமை முதலில் கேட்பவரிடம் இருக்க வேண்டும்.