வயது போனதால் வந்த மூச்சா?



வஹகோட்டை புனித அந்தோனியார் திருத்தலத்திற்குக் குடும்பமாகப் போயிருப்பீர்கள். கண்டி இராச்சியத்தில் குருவானவர் இல்லாத காலத்திலும், போர்த்துக்கேயர் வழிவந்த மக்கள் விசுவாசத்தைக் காத்த ஊர் அது. ஒருகாலம் சுற்றுப்பிரகாரத்தில் முன்னே நடந்த உங்கள் தாயார், இப்போது நாலடி வைத்ததும் மூச்சிரைத்து நிழல் தேடி உட்கார்ந்துவிடுகிறாரா? "வயது போய்விட்டது" என்கிறோம். எவ்வளவு இலேசான தீர்ப்பு!

இருதயத்திலிருந்து பெருநாடிக்கு இரத்தம் செல்லும் வாசலில் மூன்று இதழ் கொண்ட வால்வு உண்டு. முதுமையில் அதிலே சுண்ணாம்புச் சத்துப் படிந்து, இதழ்கள் விறைத்து, வாசல் ஒடுங்கலாம். மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், சிலர் மயங்கி விழுவார்கள். கடுமையாக ஒடுங்கி இக்குறிகளும் கண்டபின் சும்மா விட்டால், ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டு ஆண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். மாத்திரையால் அந்த வாசல் திறக்காது.

நெஞ்சைப் பிளக்கும் சத்திரசிகிச்சை ஒன்றே முன்பு வழி. அதைத் தாங்கமாட்டார் என்று பல முதியவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2002 ஏப்ரல் 16ம் திகதி, பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே என்ற வைத்தியர், சத்திரவைத்தியர்கள் கைவிட்ட 57 வயது மனிதருக்குத் தொடைவழியாகக் குழாய் செலுத்தி, பழைய வால்வுக்குள்ளேயே புதியதைப் பலூனால் விரித்து வைத்தார். அம்மனிதர் வேறு வருத்தத்தால் சில மாதங்களில் இறந்தார். ஆனால் வால்வு வேலை செய்தது. இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இவ்விதம் சிகிச்சை பெற்றுள்ளனர். விலங்கின் இருதய உறையால் செய்த அவ்வால்வு விலை கூடியது. பக்கவாதம் போன்ற ஆபத்துகளும் உண்டு. வயது குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் பழைய சத்திரசிகிச்சையே பொருத்தம். அதை வைத்தியர்கள் தீர்மானிக்கட்டும்.

"அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறோம், சுவாமி" என்பீர்கள். நல்லது. ஆனால் 1697ல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது புனித யோசேப் வாஸ் அடிகளார் செபத்தோடு நின்றுவிடவில்லை. கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கைகளாலேயே பராமரித்தார். வைத்தியரை உண்டாக்கியவரும் ஆண்டவரே என்று சீராக் ஆகமம் 38ம் அதிகாரத்தில் படிக்கிறோமே! நேர்த்திக்கடனைச் சாக்காக்கித் தாயை வீட்டில் இருத்தி வைப்பது பக்தியென்று எனக்குத் தோன்றவில்லை.

மாத்தளை வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டால், ஒடுங்கிய வால்வின் இரைச்சல் பெரும்பாலும் வைத்தியரின் காதில் விழும். பிறகு எக்கோ பரிசோதனை காட்டிவிடும். "எனக்கு ஒன்றுமில்லை மகனே, உனக்கேன் வீண் செலவு" என்று அம்மா சொல்வார். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.