இறந்தோர் நினைவும் இருப்போர் கடனும்

கணவனையும் தந்தையையும் நினைவுகூர்வது இறந்தவருக்கு ஆற்றும் கடனா, இருப்பவர் தேடும் ஆறுதலா என்னும் வினாவுக்குத் தமிழ் மரபு ஒரே விடை தரவில்லை. திருக்குறளின் 43ஆம் குறள், இல்வாழ்வான் பேணவேண்டியோருள் தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரை, முதலில் வைப்பதால் அங்கே நினைவு அறமாகிறது. எள்ளும் நீரும் அளிக்கும் சடங்கும், இறந்தவர் எங்கோ இருந்து அவற்றை ஏற்கிறார் என்னும் நம்பிக்கையின்மேல் நிற்கிறது.

புறநானூற்றின் 112ஆம் பாடல் வேறு வழியில் செல்கிறது. பறம்புமலையையும் தந்தை பாரியையும் இழந்த மகளிர், மறுமையைப் பற்றி எதுவும் பேசாமல், சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் அருகருகே வைக்கின்றனர். உலகம் போற்றிய அவனுடைய கொடையைக் கபிலர் பல பாடல்களில் பாடியிருக்க, மகளிரோ தந்தை உடனிருந்த இரவையே நினைக்கின்றனர், அதுவே நினைவின் மெய்யான பொருள் எனத் தோன்றுகிறது. சடங்கு ஏதும் இன்றியே அந்த நினைவு முழுமையாக இருக்கிறது.

பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்று 246ஆம் பாடலைப் பிரிவாற்றாமையின் உச்சமாக மட்டும் போற்றுவது பொருந்தாது. நினைவுகூர ஒருவர் உயிரோடிருக்க வேண்டும்; அவளோ ஈமத்தீயைத் தேர்கிறாள், அதற்குமுன் நெய்யற்ற சோற்றையும் பாயின்றிக் கிடக்கும் பரற்கல் படுக்கையையும், அதாவது கைம்பெண்ணுக்கு அக்காலச் சமூகம் விதித்த நோன்பை, வெளிப்படையாகச் சொல்லி மறுக்கிறாள்.