குவியம் தவறும் வில்லையும் நம்புவோன் கடப்பாடும்

மனிதன் தன் புலன்களின் குறையை நிரப்பக் கருவிகளைப் படைத்தான்; பின்னர் அக்கருவிகளிடம் தன் தீர்ப்பையும் சிறிது சிறிதாக ஒப்படைக்கலானான். தீர்ப்பை ஒப்படைத்தவன் அதன் விளைவுக்கான பொறுப்பையும் உடன் ஒப்படைத்துவிடுகின்றானா? மெய்யியலுக்கும் ஒழுக்கவியலுக்கும் பொதுவான இவ்வினாவைப் பெரிய இயந்திரங்களை முன்வைத்து ஆராய்வதே வழக்கம். ஆயின், சிறிய பொருளொன்றில் அது மேலும் தெளிவாகப் புலப்படக்கூடும். ஒளிப்படம் எடுப்போர் பலரும் அறிந்த, விலை குறைந்த தன்னியக்கக் குவிய வில்லையின் நிலையாமையை அத்தகைய பொருளாக இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

முற்காலத்துக் கமராவில் குவியத்தைக் கண்ணால் நோக்கிக் கையால் அமைத்தனர். எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தீர்மானித்தவனும் வில்லையைத் திருப்பியவனும் ஒருவனே. எனவே படம் தெளியாவிடின் தவறும் அவனுடையதே. 1977-இல் கொனிக்கா நிறுவனத்தின் சிறு கமராவொன்று தன்னியக்கக் குவியத்தைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தது. 1985-இல் வெளிவந்த மினோல்டா 7000, வில்லை மாற்றக்கூடிய கமராக்களிலும் அதனை நிலைபெறச் செய்தது. அன்று முதல் தீர்மானிப்பவன் ஒருவனாகவும் திருப்புவது பிறிதொன்றாகவும் பிரிந்தன.

அது இயங்கும் விதம் நுட்பமானது. கண்ணாடி பொருத்திய கமராக்களில், வில்லையின் எதிரெதிர் ஓரங்களினூடாக வரும் ஒளி இரு சிறு விம்பங்களாக உணரியில் விழுகின்றது. அவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு, வில்லை எத்திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கமரா கணித்துக் கட்டளையிடுகின்றது. கட்டளையை நிறைவேற்றுவது மோட்டர். 1990-இல் கனன் நிறுவனம் வெளியிட்ட 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையின் இரண்டாம் வடிவம் மலிவான வில்லைகளுள் மிகப் பரவலாக அறியப்பட்டது. அதன் உடலும் கமராவுடன் பொருந்தும் வளையமும் பிளாஸ்ரிக்கால் ஆனவை. இத்தகைய வில்லைகளில் மோட்டர் சிறியது. பற்சில்லுகளுக்கிடையே தளர்வும் உண்டு. ஆதலின் ஒரே கட்டளைக்கு வில்லை ஒருமுறை சற்று முன்னும் மறுமுறை சற்றுப் பின்னும் நின்றுவிடுகின்றது. 35 மில்லிமீற்றர்ச் சட்டகத்தில், ஒரு மீற்றர் தூரத்திலுள்ள முகத்தை முழுத் துளையில் எடுக்கும்போது தெளிவாக அமையும் ஆழம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் மாத்திரமே. மூக்கு நுனி தெளிந்தால் கண் தெளியாது. காது தெளிந்தாலும் கண் தெளியாது.

இவ்விடத்து வழுவின் இருவகையை வேறுபடுத்தல் வேண்டும். எந்நேரமும் ஒரே அளவால், ஒரே திசையில் தவறுவது ஒன்று. பாடசாலை ஆய்வுகூடத்தில் நுணுமானித் திருகாணியைக் கையாண்ட எவரும் பூச்சிய வழுவை அறிவர். அது வழுவேயாயினும், அளவு தெரிந்தபின் கூட்டியோ கழித்தோ உண்மையை அடையலாம். எப்போதும் இரண்டு சென்ரிமீற்றர் பின்னே குவியும் வில்லையும் இத்தகையதே. 2007 முதல் வெளிவந்த உயர்தரக் கமராக்கள் பலவற்றில் இதற்கான நுண்திருத்த வசதி உண்டு. மற்றையது எழுமாறான வழு. இன்று முன்னே, நாளை பின்னே, இடையில் சரியாக என நிகழும் அதற்குத் திருத்தம் எதுவும் இல்லை. ஒருமுறைக்கான திருத்தமே மறுமுறைக்குப் புதிய வழுவாகும். இதனால் நாம் காணும் முதல் உண்மை யாதெனில், ஒழுங்காகப் பிழைக்கும் கருவியைக் கொண்டு உண்மையை அறியலாம். எப்போதாவது சரியாக அமையும் கருவியைக் கொண்டு அறிய முடியாது என்பதாகும்.

இத்தகைய வில்லை தெளிவான படத்தைத் தரும்போதும் சிக்கல் தீர்வதில்லை. பிளேற்றோவின் ‘மெனோ’ என்னும் உரையாடலில், சரியான அபிப்பிராயம் அறிவைப் போலவே நல்வழி காட்டுமாயின் அறிவுக்கு மட்டும் ஏன் மதிப்பு அதிகம் என்ற வினா எழுகின்றது. கட்டி வைக்காவிடின் ஓடிவிடும் தைதலசின் சிலைகளுக்குச் சோக்கிரதீஸ் சரியான அபிப்பிராயத்தை ஒப்பிடுகின்றார். காரணத்தால் கட்டுண்டபோதே அது அறிவாகின்றது. நிலையற்ற வில்லை தந்த தெளிந்த படமும் கட்டப்படாத சிலையே. அதனை நாம் பெற்றோம் எனலாம். செய்தோம் எனல் அரிது.

இனி ஒழுக்கவியல் வினாவுக்கு வருவோம். தன் பொழுதுபோக்குக்காக ஒருவன் எடுக்கும் பூவின் படம் தெளியாவிடின் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் பிறர் வீட்டுத் திருமணத்தில் தாலி கட்டும் கணத்தைப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டவனின் நிலை வேறு. அக்கணம் மீள வராது. மங்கலான மண்டபத்திலே பெருந்துளை வில்லையே கைகொடுக்கும்; அந்த மங்கல் ஒளியே தன்னியக்கக் குவியத்தை மேலும் தடுமாறச் செய்வதும். பத்துப் படங்களில் ஏழு தெளிந்தால் போதாதா என அவன் கேட்கலாம். ஆனால் தெளியாத மூன்றிலே தாலி கட்டும் படம் இருக்குமாயின், எஞ்சிய ஏழும் அக்குடும்பத்தாருக்கு எவ்வகையிலும் ஈடாகா.

இங்கிலாந்தின் கணிதவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட், 1877-இல் வெளிவந்த நம்பிக்கையின் ஒழுக்கவியல் பற்றிய கட்டுரையில் கப்பல் உரிமையாளன் ஒருவனைக் காட்டுகின்றார். பழைய கப்பலைப் பற்றிய ஐயங்களை அவன் தன் மனத்துள் அடக்கி, அது பத்திரமாகச் சென்றுவரும் என நம்பி மக்களை ஏற்றி அனுப்புகின்றான். கப்பல் மூழ்கினால் அவன் குற்றவாளி. மூழ்காவிடினும் அவன் குற்றவாளியே என்பது கிளிஃபர்டின் முடிவு. நம்பிக்கை சரியாக அமைந்ததா என்பதன்று, அதனைக் கொள்ள அவனுக்கு உரிமை இருந்ததா என்பதே அவரது கேள்வி. தடுமாறும் வில்லையென அறிந்தும், அது இன்று தடுமாறாது எனத் தன்னைத் தேற்றிக்கொண்டு மண்டபத்துள் நுழைபவனுக்கும் இத்தீர்ப்புப் பொருந்தும். உயிரிழப்புக்கும் படமிழப்புக்கும் உள்ள வேறுபாடு தீங்கின் அளவிலேயே உள்ளது.

இதற்கு வலிமையான மறுப்பொன்று உண்டு. விலையுயர்ந்த வில்லை வாங்க வசதியற்றவனைக் குற்றவாளி என்பது வறுமையைக் குற்றம் என்பதாகாதா? ஆகும், அவ்வாறு கூறுவது அநீதியே. ஆனால் கடப்பாடு விலையுயர்ந்ததை வாங்குவதிலே இல்லை. தன் கருவி எப்போது தவறும் என முன்கூட்டியே சோதித்தறியலாம். துளையை எஃப் 4-க்குக் குறைத்துத் தெளிவின் ஆழத்தை இருமடங்குக்கு மேலாக்கலாம். எடுத்த படத்தை உடனே பெருப்பித்துப் பார்க்கலாம். இயலுமிடத்துக் கையாலேயே குவிக்கலாம். இவை எதுவும் போதாதெனின் அதனை முன்னரே சொல்லலாம். இவற்றுள் எதற்கும் பணம் வேண்டியதில்லை. மலிவான வில்லை தன் விலைக்கு நேர்மையானதே. நேர்மை வேண்டப்படுவது அதனைக் கையாள்பவனிடம்.

இவ்வேறுபாடு கமராவோடு நின்றுவிடுவதன்று. எல்லா விடைத்தாளிலும் பத்துப் புள்ளி குறைத்திடும் பரீட்சகரைக் கடுமையானவர் என்போம்; ஆயினும் அவரால் மாணவரின் வரிசை மாறாது, பத்தைக் கூட்டினால் குறையும் தீரும். காலையில் தாராளமாகவும் களைத்த மாலையில் இறுக்கமாகவும் புள்ளியிடுபவரின் சராசரி சரியாகவே இருக்கலாம். ஆனால் எந்த மாணவனும் சராசரியாகப் பரீட்சை எழுதுவதில்லை. மாலையில் திருத்தப்பட்ட தாளுக்குரியவன் இழந்ததை, காலையில் திருத்தப்பட்ட தாளுக்குரியவன் பெற்றது ஈடுசெய்யாது. இரண்டாம் பரீட்சகரை வைக்கும் வழக்கத்தின் நியாயமும் இதுவே. மேலும், பரீட்சகர் வில்லையல்லர். வில்லைக்குத் தன் தடுமாற்றத்தை அறியும் ஆற்றல் இல்லை, அவருக்கு உண்டு. ஆகவே அவருடைய கடப்பாடு இருமடங்காகின்றது.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில், ஆராயாமல் ஒருவரை நம்புவதையும் ஆராய்ந்து நம்பியவரைப் பின்னர் சந்தேகிப்பதையும் ஒரே குறளில் ஒருங்கே கண்டிக்கின்றார். நிலையற்ற கருவி இவ்விரு துன்பங்களையும் ஒருசேரத் தருகின்றது: சோதியாது நம்பினால் ஏமாற்றுகின்றது, சோதித்து நம்பினாலும் ஐயத்தை விட்டுவைக்கின்றது. அத்தகைய கருவியோடு வாழ்வதற்கான வழி, அதனை வீசியெறிவதும் அன்று, கண்ணை மூடி நம்புவதும் அன்று. அதன் எல்லையை அறிந்து, அந்த எல்லையைப் பிறருக்கும் மறையாது உரைத்து, மீள வராத கணங்களில் தீர்ப்பைத் தன் கண்ணுக்கும் கைக்கும் திரும்ப எடுத்துக்கொள்வதே அவ்வழி. தீர்ப்பைக் கருவியிடம் கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுத்தல் இயலாது.