பீடத்தில் நிற்பவனும் தெருவில் நடப்பவனும்

சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் காட்டி, "உழைப்பின் உயர்வைப் பாருங்கள்!" என்றேன் மாணவர்களிடம். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில் தொழிலாளி ஒருவரின் மகன் கேட்டான்: "படிக்காவிட்டால் மூட்டை தூக்கத்தான் போவாய் என்று வகுப்பில் ஏசுகிறீர்களே, ஐயா! இவர்களும் அப்படிப் போனவர்கள்தானே?"

நா எழவில்லை எனக்கு.

அச்சிலையை வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. 1899இல் வங்கத்திலே பிறந்தவர். 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராகி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தவர். மல்யுத்தம் பயின்றவர், தசை முறுக்கேறும் விதத்தை ஏட்டில் தேடவேண்டிய நிலை அவருக்கில்லை! 1959இல் நிறுவப்பட்ட அச்சிலையிலே மன்னனில்லை, மகுடமில்லை, வாளில்லை, வாகனமில்லை. பாறையொன்றைப் பெயர்க்கும் நால்வர், அவ்வளவே. மாதிரியாக நின்றவர்கள் யார்? அக்கல்லூரியின் காவலாளியும், மாணவர் ஒருவரும். வாயிற்கதவு காத்தவர் வெண்கலமானார்!

பிரெஞ்சுச் சிற்பி ஜூல் தாலுவும் இதற்காகவே ஏங்கியவர். கையுறைத் தொழிலாளியின் மகன்; 1871இல் பாரிஸ் கம்யூனில் பங்குகொண்டதால் இலண்டனுக்கு ஓடியவர்; 1879இல் பொதுமன்னிப்புக்குப்பின் தாயகம் மீண்டவர். உழைப்பாளருக்கு மாபெரும் நினைவுச்சின்னம் எழுப்ப எண்ணி, பட்டறையிலும் வயலிலும் கண்டவர்களைக் களிமண்ணில் சிற்றுருவங்களாக வடித்தார். சின்னம் எழவில்லை, 1902இல் அவர் மறைந்தார். சிற்றுருவங்கள் பாரிஸ் காட்சிச்சாலையில் இருக்கின்றன.

தாலு கண்ட கனவு நம் கடற்கரையில் நனவாயிற்று என்று மார்தட்டலாமா? வெண்கலத்தில் இருந்தால் வியக்கிறோம். வியர்வையோடு பேருந்தில் ஏறினால் விலகி அமர்கிறோம். உடலால் உழைப்பவன் தாழ்ந்தவன், உட்கார்ந்து உண்பவன் உயர்ந்தவன் என்ற வருணப் பாடத்தை ஏட்டிலிருந்து நீக்கினோம்; என் நாவிலிருந்து நீக்கினேனா?

"என் பாடு என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று உலையருகே வெந்து வரும் தந்தையே சொல்கிறாரே எனலாம். உண்மை. ஆனால், அவர் வெறுப்பது சூட்டை. நான் இகழ்ந்ததோ சூட்டைத் தாங்கியவரை. இரண்டும் ஒன்றா? அவர் சொல்லில் மகன்மீது பரிவிருந்தது. என் சொல்லில் அவர்மீதே ஏளனமிருந்தது. அதைச் சிறுவன் கண்டுகொண்டான். பட்டம் பெற்ற நான் காணவில்லை.

மறுநாள் வகுப்பில் ஒருவன் கணக்கு எழுதி வரவில்லை. பழைய ஏச்சு நாநுனிவரை வந்துவிட்டது. மூன்றாம் வரிசையிலிருந்து அந்தச் சிறுவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.