தொலைவும் கொடையும்

சென்னை அசோக் நகரில், அசோகத் தூணிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் வாழும் இளம் தாய் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கணவர் அபுதாபியில் வேலை செய்கிறார். திருமண நாள் நெருங்கி வந்தது. "ஐந்நூறு ரூபாய்க்குள் அவருக்கு என்ன அனுப்பலாம், ஐயா? போன ஆண்டு அவர் எனக்குத் தங்க வளையல் அனுப்பினார். நான் ஒரு கைக்குட்டையை அனுப்பினால் நன்றாகவா இருக்கும்?"

கடைக்குப் போனால் தீர்ந்துவிடும் கேள்வி போலத்தான் இது தோன்றுகிறது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்காத பொருள் குறைவு. ஆயினும் அந்தப் பெண்ணின் குரலில் இருந்த தயக்கம் வேறொன்றைச் சொல்லிற்று. வளையலுக்குக் கைக்குட்டை ஈடாகுமா என்று அவர் கேட்கவில்லை. 'என் அன்பு அவருடைய அன்பைவிடச் சிறியதாகத் தெரிந்துவிடுமோ' என்று அஞ்சினார். எனவே நாமும் இக்கேள்வியைக் கடைக்கு வெளியே நின்று சிந்திக்க வேண்டியவர்களாகிறோம்.

பொருள் தேடிப் பிரிவது தமிழருக்குப் புதியதன்று. பொருள்வயிற் பிரிவைச் சங்க அகப்பாடல்கள் மீண்டும் மீண்டும் பேசுகின்றன. அன்று பாலை நிலத்தைக் கடந்தார்கள். இன்று கடலைக் கடக்கிறார்கள். பிரிந்தவர்களுக்கிடையே ஏதேனும் ஒரு பொருள் சென்று வந்துகொண்டே இருந்திருக்கிறது. பணவிடைத் தாளின் அடியில் செய்தி எழுதுவதற்கென ஒரு சிறு துண்டு இருந்ததை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அஞ்சற்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அத்துண்டைக் கிழித்துத் தருவார். பணம் அந்த வாரமே மளிகைக் கடைக்குப் போய்விடும். 'நலம். நலமறிய ஆவல். பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்ற அளவில் எழுதப்பட்ட அத்துண்டோ பெட்டியின் அடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் தம் குரலை ஒலிநாடாவில் பதிந்து, ஊருக்கு வருவோர் கையில் கொடுத்தனுப்பினார்கள். குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி அமர்ந்து கேட்டது.

இன்று கைப்பேசித் திரையில் நாள்தோறும் முகம் பார்க்க முடிகிறது. அப்படியிருக்கக் கொடை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அழைப்பு முடிந்ததும் திரை இருண்டுவிடுகிறது. கையில் எஞ்சியிருக்க ஒன்று வேண்டும் என்று மனிதர் விரும்புவது இயல்பு. நாம் ஆவி மட்டும் உடையவர்கள் அல்லர், உடலும் உடையவர்கள். அன்பும் தொட்டறியக்கூடிய ஒரு வடிவத்தைத் தேடுகிறது.

அந்த வடிவம் எத்தகையதாய் இருக்க வேண்டும்? பிரான்சு நாட்டு அறிஞர் மார்செல் மோஸ், 1925இல் வெளிவந்த கொடையைப் பற்றிய தம் ஆய்வில், பல மக்களினங்களின் வழக்கங்களை ஒப்பிட்டு, கொடுப்பதும் கடமை, பெறுவதும் கடமை, திருப்பித் தருவதும் கடமை என்று விளக்கினார். மொய் எழுதும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் கணவன் மனைவிக்கிடையே இந்தக் கணக்குப் புகுந்தால் என்ன ஆகும்? வளையலுக்கு ஈடாகக் கைக்கடிகாரம், கைக்கடிகாரத்திற்கு ஈடாகச் சங்கிலி என்று அது வளரும். ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். பணத்திற்காக மிகைநேர வேலை. மிகைநேரமும் போதாவிட்டால் ஒப்பந்தம் இன்னும் இரண்டாண்டுகள் நீட்டப்படும். இங்கேதான் உண்மையான இடர் இருக்கிறது. பிரிவே பொருளுக்காக நேர்ந்தது. அந்தப் பிரிவின் காயத்தை விலையுயர்ந்த பொருளாலேயே ஆற்ற முயன்றால் பிரிவுதான் நீளும். ஆகவே தொலைவில் இருப்பவர்களுக்கிடையே எளிய கொடை என்பது இயலாமையால் வந்த சமாதானம் அன்று. அதுவே முறையான கொடை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் நேர்மையாகக் கருத வேண்டும். 'விலை முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். கையால் ஏதாவது செய்து அனுப்பு' என்று பலரும் எளிதாகச் சொல்கிறார்கள். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் சென்று, மாலையில் மாமியாருக்கு மருந்து வாங்கி வரும் பெண்ணுக்கு நேரம் பணத்தைவிட அரியது. அவரிடம் பூ வேலைப்பாடு கேட்பது இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். கருமித்தனத்தை 'எளிமை' என்று அழைப்போரும் நம்மிடையே உண்டு. ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இட்ட இரண்டு காசுகளை ஆண்டவர் புகழ்ந்தது, அவை சிறியவை என்பதனால் அன்று; அவை அவளுடைய பிழைப்பு முழுவதுமாய் இருந்தன என்பதனால். சிறுமை தன்னளவில் புண்ணியமாகிவிடாது.

அப்படியானால் கொடையின் அளவுகோல் விலையும் அன்று, செலவிட்ட நேரமும் அன்று. வேறென்ன? இதற்கு விடை நமக்கு மிக அருகிலேயே கிடைக்கிறது. அசோக் நகரிலிருந்து சில கல் தொலைவில் உள்ள மயிலாப்பூரில், திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே, 1545ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் சில மாதங்கள் தங்கி இறைவேண்டலில் ஈடுபட்டார். 1541இல் லிஸ்பன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட அவர் தம் தோழர்களை மீண்டும் காணத் திரும்பிச் செல்லவேயில்லை. ஒரு மடலுக்கு மறுமொழி வந்துசேர ஆண்டுகள் கடந்தன. 1546 மே மாதம் அம்போனாத் தீவிலிருந்து ஐரோப்பாவில் உள்ள தோழர்களுக்கு எழுதிய மடலில் அவர் ஒரு செய்தியைத் தெரிவிக்கிறார். அவர்கள் எழுதிய மடல்களிலிருந்து, அவர்கள் தம் கைப்பட இட்டிருந்த பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து, தம் வார்த்தைப்பாட்டுத் தாளோடு சேர்த்து எப்போதும் தம்முடன் வைத்திருப்பதாகவும், அவை தமக்கு ஆறுதல் தருவதாகவும் எழுதுகிறார். 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கடற்கரைக்கு அப்பால் சான்சியான் தீவில் அவர் இறந்தபோதும், இஞ்ஞாசியாரின் கையொப்பம் அவரிடம் இருந்தது.

நாம் நினைத்துப் பார்க்க வேண்டியது இது. அத்தோழர்கள் அவருக்குக் கொடை எதையும் அனுப்பவில்லை; மடல் எழுதி, வழக்கம்போல் பெயரை இட்டார்கள், அவ்வளவே. அந்த மைத்துளியைக் கொடையாக்கியவர் பெற்றுக்கொண்டவர். ஆகவே கொடை கொடுப்பவர் கையில் தொடங்குகிறது. பெறுபவர் கையில்தான் நிறைவடைகிறது. கொடுப்பவர், 'இது உனக்கே உரியது. வேறொருவருக்குத் தந்தால் பொருளற்றது' என்று சொல்லக்கூடிய ஒன்றைத் தேட வேண்டும். அதற்குப் பெறுபவரை அறிந்திருக்க வேண்டும். அந்த அறிதலே அளவுகோல். பெறுபவரோ, வந்த பொருளின் விலையைத் தேடாமல், அதில் இருக்கும் ஆளைத் தேட வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் வளையல் வெறும் உலோகமாகிவிடும்.

இவ்வாறெல்லாம் அந்தப் பெண்ணிடம் நாம் விரிவுரை நிகழ்த்தவில்லை. "அவருக்கு அங்கே எது இல்லாமல் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்களேன், அம்மா" என்று மட்டும் சொன்னோம். இரு நாள் கழித்து அவர் வியப்போடு வந்தார். கணவர் சொன்ன விடை: "நம் வீட்டின் சத்தம்." அறையில் எட்டுப் பேர் தூங்கும் இடத்தில் குளிரூட்டியின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லையாம்.

ஒரு காலைப் பொழுதின் அரை மணி நேரத்தை அந்தப் பெண் கைப்பேசியில் பதிவு செய்தார். குக்கரின் விசில், கீரைக்காரம்மாவின் கூவல், 'ஒரு சாக்ஸைக் காணோம்' என்று பிள்ளை அழுவது, மாமியார் செபமாலை சொல்லும் முணுமுணுப்பு, கதவு சாத்தப்படும் ஓசை. அதோடு பிள்ளையின் உள்ளங்கையை ஒரு தாளில் வைத்து வரைந்து, ஊரிலிருந்து திரும்பும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். செலவு ஏதுமில்லை என்றே சொல்லலாம்.

திருமண நாளன்று கணவர் அழைத்தார். ஒலிப்பதிவை இருமுறை கேட்டதாகச் சொன்னாராம். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். கடைசியில் அவர் கேட்டது, "அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடத்தான் வேண்டுமா?" என்பதே. அதற்கு இருவரிடமும் இன்னும் விடை இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது. பள்ளிக் கட்டணம் இருக்கிறது. எந்தக் கொடையும் இவற்றை அடைத்துவிடாது. ஆயினும், வளையல் வந்தபோது எழாத அந்தக் கேள்வி, விலையற்ற அந்த அரை மணி நேரத்தால் எழுந்தது.

நம் குடும்பங்களிலும் தொலைவில் ஒருவர் இருக்கலாம். கணவர், மனைவி, விடுதியில் படிக்கும் மகள், வடக்கே எல்லையில் காவல் நிற்கும் மகன். அவர்களுக்கு என்ன வாங்குவது என்று எண்ணுமுன், அவர்களுக்கு எது இல்லாமல் இருக்கிறது என்று கேட்போம். அவர்களிடமிருந்து ஏதேனும் வரும்போது, அதன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்குமுன், அதில் எங்கேனும் அவர்களுடைய கையெழுத்து இருக்கிறதா என்று தேடுவோம்.