சிற்பியின் பெயர் எங்கே?

எந்த ஆலயத்திற்குள் சென்றாலும் முதலிற் கண்ணிற் படுவன பெயர்களே. மண்டபத் தூணிலே உபயகாரர் பெயர், மணிக்கூட்டுக் கோபுரத்திலே இன்னொருவர் பெயர், வெளிச்சத்தையே மறைக்குமளவிற்கு மின்குமிழிலும் ஒரு பெயர். ஆனால் மூலஸ்தானத்திலே எழுந்தருளியிருக்கும் அம்பாளின் திருமேனியைச் செதுக்கிய கை எவருடையது என்று கேட்டால், பெரும்பாலான ஊர்களிலே விடை கிடைப்பதில்லை. "இந்தியாவிலிருந்து வந்த ஒரு ஆச்சாரி" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. இது முறைதானா என்பது ஆலயத்தோடு தொடர்புடைய அனைவரும் சிந்திக்க வேண்டிய வினாவாகும்.

முறைதான் என்போரும் உளர். இறைவன் சிற்பியால் உண்டாக்கப்பட்டவன் அல்லன் என்பது அவர்களது வாதம். அதற்கு மலையகத்தின் வரலாறே சான்றாக நிற்கின்றது. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்த மக்கள் சிற்பியைத் தேடிக் காத்திருக்கவில்லை. பசிக்கும் வாந்திபேதிக்கும் வழிநெடுகிலும் உறவுகளைப் பறிகொடுத்து வந்தவர்கள், மரத்தடியிலே ஒரு கல்லை நாட்டி, மஞ்சள் பூசிப் பொட்டிட்டு, "மாரியம்மா" என்று அழைத்தார்கள். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயமும் மரத்தடி வழிபாட்டிலிருந்து வளர்ந்தது என்பர். உளிபடாத கல்லிலே அம்மன் வந்தாள் என்றால் உளிக்காரன் எதற்கு?

இதற்கு அந்த மக்களே செயலால் விடை கூறிவிட்டார்கள். வயிற்றுக்கே போதாத சம்பளத்திலும் மாதாமாதம் சந்தா சேர்த்து, கல்லிருந்த இடத்திலே அம்மனுக்கு ஒரு முகத்தைக் கொண்டுவந்தார்கள். தமக்குக் கல்லே போதும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு முகம் வேண்டும். எழுத்தறியாத தாய், நடராசப் பெருமானின் திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகனைக் காட்டியே ஆணவத்தைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லிவிடுகின்றாள். அபய கரத்தைக் காட்டி "பயப்படாதே" என்கின்றாள். பாடசாலை எட்டிப் பார்க்காத லயங்களிலே சமயபாடம் நடத்தியவர்களுள் சிற்பியும் ஒருவன்.

சாத்திரத்தில் உள்ள அளவைப் பார்த்துச் செய்பவனுக்குத் தனிப்பெருமை என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அளவு உள்ளது உண்மை. சிவன், விஷ்ணு முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம். அதாவது 124 அங்குலக் கூறுகள். விநாயகருக்கோ பஞ்சதாலம். கல்லைத் தட்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டு ஆண்கல், பெண்கல் எனத் தெரிவதற்கும் விதி உண்டு. ஆயினும் ஒரே அளவில் அமைந்த இரண்டு அம்மன் விக்கிரகங்களில், ஒன்றின் முன் நிற்கையிலே மனம் உருகுகின்றது, மற்றதன் முன் உருகவில்லை. உதட்டோரத்துப் புன்னகைக்கு எந்த நூலிலும் அங்குலக் கணக்கு இல்லை. அதை அந்தச் சிற்பியின் கைதான் அறியும்.

பெயரை விரும்பாமல் ஒதுங்குவதே சிற்பியின் தவம் என்று கூறுவது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தானாகத் துறப்பது வேறு, பிறர் எழுதாமல் விடுவது வேறு. முன்னோர் எல்லோரும் எழுதாமல் விட்டவர்களும் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராச சோழன், குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரை அக்கோயிற் கல்லிலேயே பொறிக்க வைத்தான். தன் பெயரையே பட்டமாகவும் கொடுத்தான். அவ்வளவு தூரம் போவானேன்? கண்டிக்கு அருகே பிலிமத்தலாவைப் பக்கத்திலுள்ள கடலாதெனிய விகாரை 1344ஆம் ஆண்டிலே எழுந்தது. அதன் தலைமைச் சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேஸ்வராச்சாரி என்பதைப் பாறைக் கல்வெட்டு சொல்கின்றது. ஒரு பௌத்த விகாரை தென்னிந்தியச் சிற்பியின் பெயரை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாகக் காத்து வைத்திருக்கின்றது. சைவ ஆலயங்களோ முப்பது வருடத்திற்கு முந்திய ஸ்தபதியின் பெயரையே மறந்துவிட்டன.

மாத்தளை மாவட்டத்திலேயே இருக்கும் நாலந்தா கெடிகேயின் கதை வேறு. பல்லவர் பாணியிலே கல்லால் அமைந்த அக்கட்டடத்தை, போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்கக் கல் கல்லாகக் கழற்றி மேட்டிலே மீண்டும் பொருத்தினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் இடம் கிடைத்தது. செதுக்கியவனின் பெயர் மட்டும் எவருக்கும் தெரியாது.

கும்பாபிஷேகத்திற்கு முன்னர் நடைபெறும் கண்திறப்பு இங்கே நினைக்கத்தக்கது. பொன்னூசியாலும் உளியாலும் விழியைத் திறப்பவன் ஸ்தபதி. அந்தக் கணம் வரை விக்கிரகம் அவன் பிள்ளை போன்றது. சிவாச்சாரியார் பிரதிஷ்டை செய்தபின் அவன் வெளியே நின்று மற்றவர்களைப் போலக் கைகூப்புகின்றான். தான் செய்த முகத்தைத் தானே தொட முடியாது. ஆகம மரபு அப்படி. அதைக் குறை சொல்வது இங்கே நோக்கமன்று. கருவறைக்கு வெளியே நிற்பவனை ஊரின் நினைவிலிருந்தும் வெளியேற்றும்படி எந்த ஆகமமும் விதிக்கவில்லை.

1983 யூலைக் கலவரத்திலே மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயமும் தாக்கப்பட்டது. தேர்கள் எரிந்து சாம்பலாயின. பின்னர் மீண்டும் தேர்கள் எழுந்தன, 108 அடி இராசகோபுரமும் எழுந்தது. பணம் கொடுத்தவர்கள் பலர், அவர்கள் போற்றத்தக்கவர்கள். ஆனால் எரிந்த மரத்தைப் பணம் மட்டும் சிற்பமாக்கிவிடாது. அந்த வித்தை தெரிந்த கைகள் அப்போது உயிரோடு இருந்தன. இன்று ஆச்சாரி வீட்டுப் பிள்ளைகள் பலர் உளியை விட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். சீமெந்து அச்சிலே வார்த்த உருவங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கூலியைக் குறைத்துப் பேரம் பேசி, பெயரையும் எழுதாமல் விடும் தொழிலுக்கு மகனை அனுப்பு என்று எந்தத் தகப்பனிடம் கேட்பது?

கோபுரச் சுதைகளுக்கு இன்னுமொரு சங்கடம் உண்டு. பன்னிரண்டு வருடத்திற்கு ஒருமுறை திருப்பணி என்று பழுது பார்த்து, வர்ணம் பூசும்போது முதற் சிற்பியின் கைவண்ணமும் மறைந்து போகின்றது. எஞ்சியிருப்பது ஆலயக் கணக்குக் கோவையிலுள்ள பற்றுச்சீட்டு ஒன்றுதான். "விக்கிரகம் செய்த கூலி" என்று எழுதி, முத்திரை ஒட்டி, அதன் மேலே அவர் இட்ட கையெழுத்து பல ஆலயங்களின் அலுமாரிகளிலே இன்னும் கிடக்கக் கூடும். அடுத்த பாலஸ்தாபனத்திற்கு முன், கறையான் அரிப்பதற்கு முன், பரிபாலன சபையார் அந்தக் கோவைகளைத் தூசி தட்டி எடுத்து, பெயரையும் ஊரையும் வருடத்தையும் ஒரு பதிவேட்டிலே எழுதி வைக்கலாம். உபயகாரர் பட்டியலின் அடியிலே, கல்லில் ஒரு வரிக்கு இடமும் இருக்கும்.